வழி தப்புன வாய்வு

மணி என்னக்கா ஆகுது? பத்தேகாலா? இப்பத்தானே பத்துன்னு சொன்னீங்க. உங்க வாட்ச் ஒழுங்காத்தான் ஓடுதா?

இல்ல, எனக்கொண்ணும் அவசரமில்ல. சும்மா கேட்டேன். ஆபரேஷன் ரூமுக்குள்ள இருக்கது எங்கப்பா. ஒம்பதரைக்கு ஸ்ட்ரெச்சர்ல தள்ளிட்டுப் போனாங்க, முடிய பதினொன்னரை ஆகும்னாங்க. உங்களுக்கு யாரு, மாமியாரா? பித்தப்பையில கல்லா? அதான் நிம்மதியா முறுக்கு தின்னுக்கிட்டு இருக்கீங்க.

கோவிச்சுக்காதீங்க. நான் மனசுல பட்டதைச் சொல்லிருவேன். பிளஸ் ஒன்னுல உயிரியல் டீச்சர்கிட்ட, "நீங்க போர்டுல வரையிறது உங்களுக்காவது புரியுதா டீச்சர்?"னு கேட்டேன். தெரிஞ்சுக்கத்தான் கேட்டேன். அப்பாவைக் கூட்டிட்டு வந்தாத்தான் வகுப்புக்குள்ள விடுவேன்னுட்டாங்க. அப்பாவுக்கு மில்லுல ஆயிரம் வேலை. அவரை எதுக்கு இழுக்கணும்னு நானே பள்ளிக்கூடத்தை விட்டு நின்னுட்டேன். எல்லாருக்கும் வேலை மிச்சம்.

என் பேரு பிரம்மசக்தி. ஊரு ஏரல். மாவு மில்லு வச்சிருக்கோம். அம்மா கீழ பிள்ளையார் கோயில்ல உக்காந்திருக்கா. மேல ஒரு ஆளைத்தான் விடுவோம்னாங்க, நான் வந்துட்டேன். அம்மா வந்தா அழுவா. எனக்குப் பயமெல்லாம் கிடையாது. பேசாம உக்காந்தா தூக்கம் வருது, அதான் பேசிக்கிட்டிருக்கேன்.

எங்கப்பா பேரு அணைஞ்சபெருமாள். அவருக்கு உலகத்துல ஒரே ஒரு வியாதிதான் தெரியும். வாய்வு. தலை வலிச்சா வாய்வு. முட்டி வலிச்சா வாய்வு. பக்கத்து வீட்டுக்காரனுக்கும் அவன் பொண்டாட்டிக்கும் சண்டைன்னா, "அவனுக்கு வாய்வு ஒடம்புல்லா, கோவம் வரத்தான் செய்யும்"பாரு. நான் கணக்குல ஃபெயிலானப்ப அம்மாகிட்ட, "பிள்ளையைத் திட்டாத, வாய்வு மண்டைக்கு ஏறியிருக்கும்"னு சொல்லிப் பூண்டை வறுத்துத் தின்னச் சொன்னாரு. தின்னேன். மறு பரீட்சையிலயும் ஃபெயிலு.

போன மாசி மாசம் ஒருநாள் காலையில திடீர்னு கரண்டு போச்சு. மில்லு நின்னா எங்க தெருவே காது அடைச்ச மாதிரி ஆயிரும். ஆறேழு பொம்பளைங்க டப்பாவோட நிக்காங்க. எங்க கக்கூஸு மில்லுக்குப் பின்சுவத்தை ஒட்டி. கரண்டு வர்றதுக்குள்ள போயிட்டு வந்துருவோம்னு அப்பா உள்ள போனாரு. பஞ்சாயத்துக் குழாயில நாலு நாள் கழிச்சுத் தண்ணி விடும்போது பாத்திருக்கீங்களா? முதல்ல காத்து வரும். புர்ருங்கும். கொஞ்சம் தண்ணி. மறுபடியும் புர்ரு. அதே சத்தம்.

வெளிய வந்தாரு. "என்னப்பா, உனக்கு ஒண்ணுக்குப் போற வழியில காத்து வருது?"னு கேட்டேன்.

அத்தனை பொம்பளைங்களும் ஒரே நேரத்துல அவங்கவங்க டப்பா மூடியைப் பாக்க ஆரம்பிச்சுட்டாங்க. "ஏட்டி மூதி, வாயை மூடு"ன்னு அப்பா மாவு அள்ளுற தட்டை எடுத்துட்டு வாராரு. நான் என்ன தப்பாக் கேட்டுட்டேன்? சத்தம் கேட்டுச்சு, சொன்னேன். கேட்டவங்க ஏழு பேரு. சொன்னது நான் ஒருத்தி. அவ்வளவுதான் வித்தியாசம்.

"வாய்வுதான் அது"ன்னு அம்மாகிட்ட சொல்லி முடிச்சுட்டாரு. பெருங்காயம், ஓமத்தண்ணி, பூண்டு. பத்து நாள்ல குளிர்காய்ச்சல். மூத்திரம் கலங்கலா, நாத்தமா. மெடிக்கல்ல மாத்திரை வாங்கித் தின்பாரு, சரியாகும். ரெண்டு வாரத்துல திரும்பி வரும். மூணு தடவை. நாலாவது தடவைதான் அம்மா அழுது புரண்டு இங்க கூட்டிட்டு வந்தா.

முறுக்கைக் கொஞ்சம் கீழ வைங்கக்கா, இந்த இடத்தைத் தாண்டுனதும் திங்கலாம்.

ஒரு சின்ன வயசு டாக்டரம்மா. படிச்சுக்கிட்டே வேலை பாக்கிறவங்களாம். "ஐயா, யூரின் போகும்போது காத்து வருதா?"ன்னு கேட்டாங்க. அப்பா மேல சுத்துற ஃபேனைப் பாத்துக்கிட்டு, "எனக்குக் கொஞ்சம் வாய்வு ஒடம்பு டாக்டரம்மா"ங்கிறாரு. நான், "வருது டாக்டர், புர்ருன்னு வருது"ன்னேன். "வேற ஏதாவது கலந்து வருதா?" அப்பா ஃபேனையே பாக்காரு. பொறவு, "ஒருநா கத்திரிக்கா விதை வந்துச்சு"ன்னாரு. அம்மா நெஞ்சுல கை வச்சுட்டா. விதை வந்து ஒரு மாசம் ஆச்சாம். வீட்டுல ஒருத்தர்கிட்டயும் சொல்லல, ஆனா அன்னையிலேருந்து கத்திரிக்கா வேண்டாம்னுட்டாரு. நாங்க ஏதோ கிறுக்குன்னு நினைச்சோம்.

டாக்டரம்மாவுக்கு அவ்ளோ சந்தோஷம். புஸ்தகத்துல போட்டிருக்க மாதிரியே இருக்காம். ஓடிப்போய் மூணு பேரைக் கூட்டிட்டு வந்தாங்க. "ஐயா, இவங்ககிட்டயும் சொல்லுங்க." அப்பா சொன்னாரு. இன்னொரு ரெண்டு பேரு. மறுபடியும் சொன்னாரு. நாலாவது தடவை அவரே, "முதல்ல காத்து வரும், பொறவு…"ன்னு எடுத்துக் கொடுத்து, கத்திரிக்கா விதையில வந்து நிறுத்தினாரு. கேக்க ஆள் கிடைச்சா அவரும் பேசுவாரு.

ஸ்கேன் எடுத்தாங்க. மூத்திரப்பைக்குள்ள காத்து நிக்கிறது படத்துலயே தெரிஞ்சுது. "காத்துதான்யா. குடல்ல இருக்க வேண்டிய காத்து இங்க வந்திருக்கு"ன்னு டாக்டரம்மா சொன்னதும் அப்பா அம்மா பக்கம் திரும்பி, "பாத்தியா தங்கபுஷ்பம்! வாய்வுன்னு நான் சொன்னேன்லா!"ங்கிறாரு. வாழ்நாள் முழுக்கச் சொன்னதுல ஒண்ணு பலிச்சிருச்சு.

பெருங்குடல் சுவரு வயசாக வயசாக அங்கங்க தளர்ந்து, சின்னச் சின்னப் பையாப் பிதுங்குமாம். நெறைய பேருக்கு இருக்குமாம், ஒண்ணும் பண்ணாதாம். அப்பாவுக்கு அதுல ஒண்ணு சீழ் பிடிச்சு, பக்கத்துல இருக்க மூத்திரப்பையில போய் ஒட்டி, ரெண்டுக்கும் நடுவுல ஓட்டை விழுந்துருச்சு. அதுக்குப் பேரு ஃபிஸ்டுலா. எங்க அத்தை அதைக் கேட்டுட்டு, "பௌத்திரம்தானே? பஸ் ஸ்டாண்டு சுவத்துல எழுதிப் போட்டிருக்கான், கத்தியில்ல ரத்தமில்லன்னு. இதுக்குப் போய் ஏன் வயித்தைக் கிழிக்கணும்?"னு சண்டைக்கு வந்துட்டா. "அத்தை, அந்த ஓட்டை வேற, இந்த ஓட்டை வேற"ன்னு நான்தான் பேப்பர்ல வரைஞ்சு காட்டி அனுப்பினேன்.

டாக்டர் வரைஞ்ச படம் அப்பாவுக்கும் புரியல. உம்முன்னு இருந்தாரு. நான் சொன்னேன், "அப்பா, நம்ம மில்லுல மிளகா மிஷினுக்கும் அரிசி மிஷினுக்கும் நடுவுல தகரம் அடிச்சிருக்கோம்லா? அந்தத் தகரத்துல ஓட்டை விழுந்தா என்ன ஆகும்?"

"இடியாப்ப மாவு செவப்பா வரும்"னாரு.

"அதான் உனக்கு வந்திருக்கு."

அப்பா எந்திரிச்சு உக்காந்துட்டாரு. "அப்போ ஓட்டையை மட்டும் அடைச்சுப் பிரயோசனமில்லயே டாக்டர். இத்துப்போன தகரத்தை வெட்டி எறியணும். அடைச்ச பொறவு நடுவுல ஒரு சாக்கை மடிச்சு வைக்கணும்." பெரிய டாக்டர் சிரிச்சுட்டாரு. கெட்டுப்போன குடலை வெட்டி எடுத்துட்டு, வயித்துக்குள்ளயே ஏப்ரன் மாதிரி ஒரு கொழுப்புப் படலம் தொங்குமாம், அதை இழுத்து நடுவுல வைப்பாங்களாம். "நீங்க சொன்ன சாக்குதான்யா அது"ன்னாரு. அப்பாவுக்குப் பெருமை தாங்கல. நான் சொன்னதால புரிஞ்சுதுன்னு ஒரு வார்த்தை? ம்ஹூம்.

அதுக்கு முன்னாடி பின்வழியா குழாய் விட்டுப் பாத்தாங்க. புத்துநோயா இருக்காதுன்னுதான் நினைக்கிறோம், ஆனா சதை எடுத்துச் சோதிக்காம சொல்ல முடியாதுன்னு டாக்டரம்மா என்னைத் தனியாக் கூப்பிட்டுச் சொன்னாங்க. அதை நான் அப்பாகிட்ட சொல்லல. மறைச்சேன்னு நினைக்காதீங்க, நான் எதையும் மறைக்கிற ஆளில்ல. மறந்துட்டேன். ரிசல்ட்டு வர ஒம்பது நாள் ஆச்சு. ஒம்பது நாளும் மறந்துட்டேன். ஒண்ணுமில்லன்னு பேப்பர் வந்ததும் ஞாபகம் வந்துச்சு, சொல்லிட்டேன். அப்பா என்னையே பாத்துட்டு, "அதான் ஒரு வாரமா சோறு திங்காம அலைஞ்சியாட்டி?"ன்னாரு. "வாய்வுப்பா, பசிக்கல"ன்னேன்.

மணி என்னக்கா? சரி, சரி, கேக்கல.

சங்கடமே அதுக்குப் பிறகுதான். ஆபரேஷனப்ப உள்ள வீக்கம் அதிகமா இருந்தா, கொஞ்ச நாளைக்கு வயித்துல வழி திறந்து பை மாட்ட வேண்டி வரலாம்னாங்க. மலம் அந்தப் பையில வந்துரும். மூணு மாசம் கழிச்சு மூடிருவாங்க. அப்பா, "வேண்டாம்"னுட்டாரு. "மாவு மில்லு நடத்துறவன் வயித்துல பீப்பையைத் தொங்கவிட்டுக்கிட்டு நின்னா எவ கொண்டாந்து அரிசியைப் போடுவா? கீழத்தெருக்காரன் மில்லுல போய்க் கொட்டிருவாளுவ. நான் இப்படியே செத்துப் போறேன்." அம்மா அழுதா. ரெண்டு நாள் கையெழுத்துப் போடல. மறுபடியும் காய்ச்சல் ஏறுது. கிருமி ரத்தத்துல ஏறினா ஆளு தாங்க மாட்டாருன்னு டாக்டர் சொல்லியும் கேக்கல. கடைசியில பெரிய டாக்டர் இறங்கி வந்தாரு. "திறந்து பாத்துட்டு, பை வேணும்னா வெளிய வந்து உங்க வீட்டு ஆளைக் கேட்டுட்டுத்தான் வைப்போம், போதுமா?"

அப்பா உடனே என்னைக் காட்டினாரு. "இவளைக் கேளுங்க." பதினெட்டு முடிஞ்சிருச்சான்னு கேட்டாங்க. முடிஞ்சு மூணு வாரம்.

அவங்க போனதும் என்னைக் கிட்டக்கக் கூப்பிட்டு, "உங்கம்மாவைக் கேட்டா அழுதுகிட்டே தலையாட்டிருவா. நீதான் பொறந்ததுலேருந்து எதைச் சொன்னாலும் முடியாது முடியாதுன்னு திரியுற. அன்னைக்கு எனக்காக ஒரு தடவை சொல்லு. பை முடியாதுன்னு சொல்லு"ன்னாரு. கையை நீட்டினாரு. சத்தியம் பண்ணிக் கொடுத்தேன். கையெழுத்துப் போட்டுட்டாரு.

சித்திரையில ஆபரேஷன். இதே பெஞ்சுதான். ரெண்டரை மணி நேரம் கழிச்சுப் பெரிய டாக்டரே வந்தாரு, கையில எவர்சில்வர் தட்டு. வெட்டி எடுத்ததைச் சொந்தக்காரங்களுக்குக் காட்டுவாங்கள்ல, உங்களுக்கும் கல்லைக் காட்டுவாங்க பாருங்க. ஒரு சாண் நீளம். பழைய சைக்கிள் டியூப் மாதிரி, மேல கொண்டைக்கடலை கொண்டைக்கடலையாப் புடைச்சிருந்துச்சு. அப்பாவுக்குள்ள இருந்ததுல எனக்குப் பிடிக்காதது அது ஒண்ணுதான். டாக்டர் சொன்னாரு, "ரெண்டு முனையையும் சேத்துத் தைச்சாச்சு, மூத்திரப்பை ஓட்டையையும் அடைச்சாச்சு. ஆனா வீக்கம் ரொம்ப இருக்கும்மா. மேல சிறுகுடல்ல வழி திறந்து பை வச்சா தையலுக்கு ஓய்வு கிடைக்கும். வைக்காமலும் மூடலாம். தையல் விட்டுச்சுன்னா உயிருக்கு ஆபத்து. என்ன சொல்ற?"

"வைங்க"ன்னுட்டேன்.

எவ்ளோ நேரம் யோசிச்சேன்னு நினைக்கிறீங்க? யோசிக்கவே இல்ல. மில்லுல பெல்ட்டு ஒட்டுப் போட்டா பசை காயுற வரைக்கும் மோட்டாரைப் போடக் கூடாது. பச்சப்பிள்ளைக்கும் தெரியும்.

மயக்கம் தெளிஞ்சதும் அப்பா கை நேரா வயித்துக்குத்தான் போச்சு. தடவிப் பாத்தாரு.

"நீ என்ன சொன்ன?"

"வைங்கன்னேன்."

"நான் என்ன சொல்லச் சொன்னேன்?"

"முடியாதுன்னு."

மூஞ்சியைச் சுவத்துப் பக்கம் திருப்பிக்கிட்டாரு. நான் வேற ஏதாவது சொல்லியிருக்கலாம். டாக்டர் என்னைக் கேக்கவே இல்லன்னு சொல்லியிருக்கலாம், அம்மா அதைத்தான் சொல்லச் சொன்னா. எனக்கு அது வராது.

அதோட பேச்சு நின்னுச்சு. பக்கத்துக் கட்டில்ல ஞானதுரை அண்ணாச்சின்னு ஒருத்தரு, குடலிறக்கத்துக்கு வந்தவரு. அப்பா அவர்கிட்ட, "அண்ணாச்சி, அந்தப் பிள்ளைகிட்ட தலகாணியை ஏத்தி வைக்கச் சொல்லும்"பாரு. நான் அரை அடி தள்ளித்தான் நிப்பேன். அண்ணாச்சி, "ஏம்மா, தலகாணியை ஏத்தணுமாம்"பாரு. "எவ்ளோ ஏத்தணும்னு கேளுங்க அண்ணாச்சி"ம்பேன். பாவம் அவரு, சொந்த வயித்துல தையலோட ரெண்டு பக்கமும் திரும்பித் திரும்பிச் சொல்லுவாரு. "நான் டிஸ்சார்ஜ் ஆனா நீங்க ரெண்டு பேரும் என்னவே பண்ணுவீங்க?"ன்னு கேட்டாரு.

ரவுண்ட்ஸ் வர்ற டாக்டரெல்லாம் ஒரே கேள்வி. "காத்து வந்துச்சா?" குடல் முழிச்சுக்கிச்சுன்னு அதை வச்சுத்தான் தெரியுமாம். முதல் நாள் வரல. ரெண்டாம் நாளும் வரல. பயப்பட ஒண்ணுமில்ல, சில பேருக்கு லேட்டாகும்னாங்க. நான் அந்தப் பையையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன், வேற வேலை இல்லாததால. மூணாம் நாள் காலையில பை மெதுவா உப்புது. உப்பி உப்பி, திருவிழா பலூன் மாதிரி வேட்டியைத் தூக்கிக்கிட்டு நிக்குது. நான், "காத்து வந்துருச்சு!"ன்னு கத்தினேன். வார்டே திரும்பிப் பாத்துச்சு. ஞானதுரை அண்ணாச்சி தையலைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிக்காரு. அப்பா மட்டும் சிரிக்கல. "அண்ணாச்சி, அந்தப் பிள்ளையைக் கூப்பிடும், வெடிச்சிரப் போவுது"ன்னாரு.

சிஸ்டர் ஒரு தடவைதான் சொல்லிக் கொடுத்தாங்க. காத்தைத் திறந்து விடுறது, தோல் புண்ணாகாம சுத்தி மாவு தூவுறது, ஓட்டை அளவுக்கு அட்டையை வெட்டி ஒட்டுறது. எல்லாம் நான்தான். நாத்தமா? மிளகா நெடியில பதினெட்டு வருஷம் இருந்தவளுக்கு என்னக்கா நாத்தம்?

பதினாலாம் நாள் மருந்து ஏத்திப் படம் எடுத்து, ஓட்டை மூடிருச்சுன்னு, ஆபரேஷனப்ப மாட்டுன மூத்திரக் குழாயை எடுத்தாங்க. அப்பா தானா நடந்து பாத்ரூம் போனாரு. நான் கதவுக்கு வெளிய நின்னேன். விழுந்துட்டா பிடிக்கணும்ல. உள்ள தண்ணிச் சத்தம். வெறும் தண்ணிச் சத்தம். கதவைத் திறந்துட்டு அங்கயே நின்னாரு. அண்ணாச்சி அன்னைக்குன்னு பாத்து டிஸ்சார்ஜ் ஆகிப் போயிட்டாரு, சொல்றதுக்கு ஆளில்ல.

"ஏட்டி, சத்தம் கேட்டுச்சா?"

"இல்லப்பா."

"வெறும் தண்ணிதான் வந்துச்சு."

"கேட்டேன்."

அவ்வளவுதான். அதுக்கு மேல கொஞ்சிக்கிறதுக்கு எங்களுக்குத் தெரியாது.

வீட்டுக்குப் போனதும் அவர் சொன்ன மாதிரியே கொஞ்சம் பேரு கீழத்தெரு மில்லுக்குப் போனாங்க. நான் சும்மா இருப்பேனா? வாசல்லயே நின்னு, "பை எங்கப்பா சட்டைக்குள்ள இருக்கு, மாவை அரைக்கிறது நான், சந்தேகமிருந்தா என் கையை மோந்து பாத்துட்டுப் போடுங்க"ன்னேன். மூணு பேரு மோந்தும் பாத்தாங்க. வைகாசி முடியிறதுக்குள்ள எல்லாரும் திரும்பி வந்துட்டாங்க. கீழத்தெருக்காரன் அரைக்கிறது மாவா அது, ரவை. அப்பா கல்லா மேசைக்குப் பின்னாலயே உக்காந்திருந்தாரு. பேசிக்கிட்டிருக்கும்போதே பை களுக்குன்னும். அவரே முந்திக்கிட்டு, "வாய்வு"ம்பாரு.

இன்னைக்கு அந்த வழியை மூடுறாங்க. ஆடியில வேண்டாம்னு அத்தை தடுத்தா. "இதை வச்சுக்கிட்டு ஆவணி வரைக்கும் நீ இருக்கியா?"ன்னு அப்பா கேட்டதும் போயிட்டா. சின்ன ஆபரேஷன்தான்னாங்க. ஆனா உள்ள ஒட்டிக்கிட்டு இருந்தா பெருசாக் கிழிக்க வேண்டி வரலாம், இல்லன்னா இன்னும் கொஞ்ச மாசம் பை இருக்கட்டும்னு விட வேண்டி வரலாம், அப்போ என்ன செய்யட்டும்னு பெரிய டாக்டர் கேட்டாரு. அப்பா என்ன சொன்னாரு தெரியுமா? "வெளிய எம்மவ நிப்பா. அவ என்ன சொல்றாளோ அதான். என்னைக் கேக்காதீங்க."

முடியாதுன்னு சொல்லுன்னு இந்தத் தடவை என்கிட்ட சொல்லல. சரின்னு சொல்லுன்னும் சொல்லல. சத்தியம் கித்தியம் ஒண்ணும் கேக்கல. ஏறிப் படுத்துக் கண்ணை மூடிக்கிட்டாரு. எவ்ளோ பெரிய சோம்பேறி பாருங்க! எல்லாத்தையும் என் தலையில கட்டிட்டு அவரு சொகமாத் தூங்கப் போயிட்டாரு. எனக்கு அதுதான்க்கா ஆத்திரம். மனுஷன்னா ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போக வேண்டாமா? நாளைக்கு ஒண்ணுன்னா…

இருங்க. கதவு திறக்குது. யாரைக் கூப்பிடுறாங்க? உங்க மாமியார் பேரா?

அணைஞ்சபெருமாளா.

சொன்ன நேரத்துக்கு முன்னாடியே வந்துட்டாங்களே. முன்னாடி வந்தா நல்லதா கெட்டதா? அந்த டாக்டரம்மா முகம் எப்படி இருக்குக்கா? மாஸ்க் போட்டிருக்காங்களா? கண்ணு சிரிக்குதான்னு பாருங்க. எனக்கு இங்கேருந்து சரியாத் தெரியல.

போறேன். போகாம என்ன? கால் மரத்துப் போச்சு, அவ்வளவுதான். ரொம்ப நேரமா ஒரே மாதிரி உக்காந்திருந்தேன்ல.

அக்கா, நீங்க போய்க் கேட்டுட்டு வாங்களேன். பிரம்மசக்திக்கு அக்கான்னு சொல்லுங்க. பொய்யில்ல அது, இவ்ளோ நேரமும் அக்கான்னுதானே கூப்பிட்டேன். என்ன கேட்டாலும் எங்கப்பாவுக்கு எது நல்லதோ அதைப் பண்ணச் சொல்லுங்க. வந்து என்கிட்ட அப்படியே சொல்லணும், கூட்டிக் குறைச்சுச் சொல்லக் கூடாது. கொஞ்சம் மெதுவாச் சொல்லுங்க.

செருப்பைக் கழட்டிட்டுப் போங்க, அங்க விட மாட்டாங்க. இங்கயே என் கால்கிட்ட விடுங்க. நான் பாத்துக்கிறேன். யாரும் எடுத்துட்டுப் போகாம அதை நல்லாப் பாத்துக்கிறேன்.